புருவத்தில் ஊசியால் ஏற்றும் வர்ணம்: உளூவும் தொழுகையும் என்னவாகும்?

மாதர்க்கான மார்க்கப் பாடம்



இம்மாதப் பாடத்திற்கு ஒரு சகோதரியின் கடிதமே காரணம். பெயரும் ஊரும் வெளிவர வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டிருப்பதால், விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

அவருக்குப் புருவம் இயற்கையிலேயே மெலிந்தது. தங்கையின் நிக்காஹ் நெருங்கியபோது, வீட்டில் ஆளாளுக்கு அதைச் சொல்லிக் காட்டியிருக்கிறார்கள். மனம் பொறுக்காமல் அழகு நிலையம் ஒன்றுக்குச் சென்று 'மைக்ரோபிளேடிங்' என்பதைச் செய்துகொண்டார். "இது பச்சை குத்துவதல்ல, செமி பர்மனென்ட் மேக்கப்தான். ஒன்றிரண்டு வருடத்தில் தானே மறைந்துவிடும்" என்று அங்கே உறுதி கூறியிருக்கிறார்கள். நிக்காஹும் நல்லபடியாக நடந்தேறியது. பிறகு பெண்கள் கூடியிருந்த ஒரு மஜ்லிஸில், பக்கத்தில் இருந்த மாமி ஒருவர் அவருடைய முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இதை வைத்துக்கொண்டு உளூ கூடாதே! நீ தொழுது என்ன பிரயோசனம்?" என்று கேட்டுவிட்டார். அன்றிரவு இஷாவுக்கு முஸல்லாவை விரிக்க இந்தச் சகோதரிக்குக் கை எழவில்லையாம். நான்கு மாதமாகத் தொழவில்லை என்றும், வரும் ரமலானில் நோன்பு வைத்தாலும் வீண்தானா என்றும் கேட்டு எழுதியிருக்கிறார்.

முதலில் தொழுகை

சகோதரியே! மற்ற விளக்கங்களைப் படிக்கும் முன் எழுந்து உளூச் செய்து, இந்த வக்துடைய தொழுகையைத் தொழுதுவிடுங்கள். பிறகு வந்து படியுங்கள்.

ஒரு தவறு செய்தவருக்குத் தொழுகை விலக்கப்பட்டுவிடுவதில்லை. தவறு செய்தவருக்குத்தான் தொழுகை அதிகம் தேவை. நீங்கள் செய்துகொண்டது கூடாத காரியம்தான். அதைப் பின்னால் மறைக்காமல் சொல்லப் போகிறோம். ஆனால் அந்தக் காரியத்தைக் காட்டிலும் நான்கு மாதத் தொழுகையை விட்டதே பெரிய நஷ்டம். ஷைத்தான் ஒரு பாவத்தைச் செய்ய வைப்பதோடு திருப்தி அடைவதில்லை. "இனி உனக்கு என்ன இருக்கிறது?" என்று நிராசையை ஊட்டி, அதைவிடப் பெரியதில் தள்ளிவிடுகிறான். நோன்பும் அப்படியே. புருவத்தில் உள்ள வர்ணத்தால் நோன்பு முறிவதும் இல்லை, வீணாவதும் இல்லை.

செய்யப்படுவது என்ன?

ஒரு காரியத்தின் சட்டத்தை அறிய, முதலில் அந்தக் காரியத்தை அறிய வேண்டும். புருவத்திற்கு இக்காலத்தில் இரண்டு விதமாகச் செய்கிறார்கள். ஒன்று, மெல்லிய ஊசிகளை வரிசையாகப் பதித்த கைக்கருவியால் முடி முடியாகக் கீறி, அந்தக் கீறலில் வர்ணத்தை இறக்குவது. இதுவே மைக்ரோபிளேடிங். மற்றொன்று, மின்சாரத்தால் இயங்கும் ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்தி நிறம் ஏற்றுவது. உதட்டுக்கும் கண்ணிமை ஓரத்துக்கும் இவ்வாறே செய்கிறார்கள். வலி தெரியாமலிருக்க மரமரப்பு மருந்தைத் தடவுகிறார்கள். நிறம் மங்க ஆரம்பித்ததும் மறுபடி வரச் சொல்லிப் புதுப்பிக்கிறார்கள்.

"மேல்தோலில் பூசுவதுதானே" என்ற சொல் சரியா என்பதைச் சகோதரிகள் தாங்களே சோதித்துப் பார்க்கலாம். நாம் கைக்கு வைக்கும் மருதோன்றி மேல்தோலைத்தான் சிவக்க வைக்கிறது. மேல்தோல் இறந்து உதிர்ந்து புதிதாகிக்கொண்டே இருப்பதால், அந்தச் சிவப்பு ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடுகிறது. புருவத்தில் ஏற்றிய வர்ணமும் மேல்தோலில் மட்டும் இருந்தால் மருதோன்றியைப் போலவே சில வாரங்களில் போய்விட வேண்டும். ஆனால் அது ஒரு வருடமும், இரண்டு மூன்று வருடமும், சிலருக்கு அதற்கு மேலும் தங்குகிறது. மேல்தோலைத் தாண்டி, இரத்தம் ஓடும் உள்தோலின் மேற்பகுதியில் அது இறக்கப்பட்டிருப்பதே காரணம். கீறும்போது இரத்தம் கசிவதும், பிறகு பொருக்குத் தட்டுவதும் இதற்குச் சாட்சி.

நம் நாட்டில் ஊர் ஊராக வந்து பச்சை குத்திய குறத்தியர் செய்ததும் இதுதான். அவர்கள் ஆழமாகக் குத்தினார்கள். ஆகவே ஆயுளுக்கும் நின்றது. இவர்கள் சற்று மேலாகக் குத்துகிறார்கள். ஆகவே சில வருடம் நிற்கிறது. வேறுபாடு ஆழத்தில்தான் இருக்கிறது.

ஹதீஸில் வந்திருப்பது

பச்சை குத்துவதற்கு அரபியில் 'வஷ்ம்' என்று பெயர். பச்சை குத்தி விடும் பெண்ணையும், குத்திக் கொள்ளும் பெண்ணையும் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்திருப்பதாக இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஸஹீஹான கிரந்தங்களிலும் இருக்கிறது. முடியோடு முடியை ஒட்டுவிக்கும் பெண்களும் அதில் சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறார்கள்.

இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் அறிவிப்பில், புருவ முடியைப் பிடுங்கி மெலிதாக்குவோரும், அழகுக்காகப் பல்லை அராவி இடைவெளி உண்டாக்குவோரும் சேர்ந்து வருகிறார்கள். அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவோர் என்று இவர்கள் குறிப்பிடப்படுகிறார்கள். இந்த அறிவிப்புடன் வரும் சம்பவம் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லப்பட வேண்டியது.

பனூ அஸத் கோத்திரத்து உம்மு யஃகூப் என்ற பெண்மணி குர்ஆனை நன்கு ஓதியவர். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் இப்படிச் சொல்வதைக் கேள்விப்பட்டு நேரில் வந்து விளக்கம் கேட்டார். நாயகம் (ஸல்) அவர்கள் சபித்ததை, அல்லாஹ்வின் வேதத்திலும் இருப்பதை நான் ஏன் சொல்லக்கூடாது என்று அவர்கள் பதில் கூறினார்கள். வேதத்தை முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டை வரை ஓதியிருக்கிறேன், இதைக் காணவில்லையே என்றார் அப்பெண்மணி. ரஸூல் உங்களுக்குக் கொடுத்ததை எடுத்துக்கொள்ள வேண்டும், அவர் தடுத்ததை விட்டு விலக வேண்டும் என்ற கருத்துடைய அல்ஹஷ்ர் சூராவின் 7ஆம் வசனத்தை (59:7) அவர்கள் நினைவூட்டினார்கள். அப்பெண்மணி அதோடு விடவில்லை. உங்கள் மனைவியிடமே இவற்றில் ஒன்று இருப்பதாக நினைக்கிறேன் என்றார். போய்ப் பாருங்கள் என்று அவர்கள் வீட்டுக்குள் அனுப்பினார்கள். அவர் போய்ப் பார்த்துவிட்டு, ஒன்றையும் காணாமல் திரும்பினார். அப்படி இருந்திருந்தால் நாங்கள் சேர்ந்து வாழ்ந்திருக்க மாட்டோம் என்றார்கள் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள்.

இதில் இரண்டு படிப்பினைகள் உண்டு. ஒரு பெண் மார்க்க விஷயத்தில் ஆதாரம் கேட்டாள். ஸஹாபி கோபிக்காமல் ஆதாரம் கொடுத்தார். அடுத்து, ஊருக்குச் சொன்னது தம் வீட்டில் நடக்கிறதா என்று எவரும் வந்து பார்க்கும்படி அவர் கதவைத் திறந்து வைத்திருந்தார்.

பெயரை மாற்றினால் சட்டம் மாறுமா?

'வஷ்ம்' என்றால் என்ன என்பதை இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் முஸ்லிம் கிரந்தத்தின் விரிவுரையில் விளக்குகிறார்கள். கையிலோ மணிக்கட்டிலோ உதட்டிலோ உடலின் வேறு இடத்திலோ ஊசியால் இரத்தம் வரக் குத்தி, அவ்விடத்தில் சுர்மா போன்றதை நிரப்பி நிறம் உண்டாக்குவது என்பது அதன் சாரம். இமாம் அவர்கள் ஹிஜ்ரி 676இல் வஃபாத்தானவர்கள். அழகு நிலையத்தில் நடப்பதை அந்த விளக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஊசி இருக்கிறது, இரத்தம் இருக்கிறது, நிரப்பும் நிறம் இருக்கிறது. உதடும்கூட அதில் வந்துவிட்டது.

பெயரை மாற்றி விற்பது புதிய வழக்கமும் அல்ல. இங்கிலாந்தில் பச்சை குத்துவதில் பேர்பெற்ற ஜார்ஜ் பர்ச்செட் என்பவர், 1930களில் அங்கிருந்த அழகு நிலையங்களைப் பற்றித் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். தோலின் மேலடுக்குக்குக் கீழே தாவரச் சாயம் ஏற்றும் நிற சிகிச்சை என்று சொல்லி, பச்சை குத்துவதுதான் என்று தெரியாமலே பல பெண்களுக்குக் குத்திவிட்டார்களாம். நம் சகோதரிக்குச் சொல்லப்பட்டதும் ஏறக்குறைய அதே சொல்.

"நிரந்தரமல்லவே, மறைந்துவிடுகிறதே" என்று சிலர் கேட்கலாம். ஹதீஸில் எத்தனை வருடம் நிற்க வேண்டும் என்ற அளவு கூறப்படவில்லை. குத்தும் செயலே கண்டிக்கப்பட்டிருக்கிறது. மேல்தோலோடு நின்று, இரத்தம் காணாமல், சில நாளில் உதிர்ந்துவிடும் சாயம் ஒன்று இருக்குமானால் அது மருதோன்றியின் வகையைச் சேர்ந்தது. அதன் பேச்சு வேறு. "கணவருக்காகத்தானே செய்கிறேன்" என்பதும் இதை ஆகுமாக்காது. கணவருக்காக அலங்கரிப்பது நன்மைதான். ஆனால் படைத்தவனுக்கு மாறு செய்யும் விஷயத்தில் படைப்புக்குக் கீழ்ப்படிதல் இல்லை.

உளூவும் குளிப்பும்

உளூவில் முகம் முழுவதும் தண்ணீர் பட வேண்டும். புருவத்து முடியிலும் அதன் அடித்தோலிலும் பட வேண்டும். தண்ணீரைத் தடுக்கும் படலம் எதுவும் மேலே இருக்கக்கூடாது. நகப்பூச்சு படலமாக நிற்பதால் அதை நீக்காமல் உளூ நிறைவேறாது. மருதோன்றியின் நிறம் படலமல்ல. அதன் மேல் உளூ கூடும். தோலுக்கடியில் தங்கிய வர்ணமும் மேலே வரும் தண்ணீரைத் தடுப்பதில்லை. ஆகவே 'தண்ணீர் படாது, எனவே உளூ இல்லை' என்று அந்த மாமி நினைத்திருந்தால், அது நகப்பூச்சின் சட்டத்தைத் தூக்கிப் புருவத்தில் வைத்ததாகும்.

விஷயம் வேறோரிடத்தில் இருக்கிறது. குத்தும்போது வெளிவந்த இரத்தம் நஜீஸ். அது வர்ணத்தோடு கலந்து தோலுக்குள் தங்குகிறது. ஷாஃபியீ மத்ஹபின்படி அவ்விடம் நஜீஸாகிவிடுகிறது. சிகிச்சையால் தீங்கின்றி நீக்க முடியுமானால் நீக்குவது கடமை. நீக்கினால் உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து, அல்லது முகம் போன்ற வெளியே தெரியும் இடத்தில் விகாரமான வடு உண்டாகும் என்று அஞ்சினால் நீக்குவது கடமையல்ல. தவ்பாச் செய்தால் குற்றமும் நீங்கும் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எடுத்துரைக்கிறார்கள். ஹனஃபீ மத்ஹபில், காயம் ஆறியபின் அவ்விடத்தைக் கழுவிவிட்டால் சுத்தமாகிவிடும்; எஞ்சிய நிறம், நஜீஸான சாயம் தோய்ந்த துணியைக் கழுவியபின் நிற்கும் நிறத்தைப் போன்றது; தொழுகைக்குத் தடையாகாது என்று சொல்லப்பட்டிருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இதைச் செய்துகொண்டவர்களுக்கு ஒரு வாரம், பத்து நாள் முகத்தில் தண்ணீர் படக்கூடாது என்று நிலையத்தார் சொல்லி அனுப்புகிறார்கள். ஒரு நாளைக்கு ஐந்து வக்து என்றால் பத்து நாளைக்கு ஐம்பது வக்து. இடையில் குளிப்புக் கடமையாகவும் கூடும். நோயாளிக்கும் காயம்பட்டவருக்கும் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் அழகுக்காகக் காயத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டு, பிறகு சலுகையைத் தேடி அலைவது எந்த அறிவுக்குப் பொருந்தும்? செய்ய நினைப்பவர்கள் இந்த ஐம்பது வக்தையும் முன்னதாகவே எண்ணிப் பார்க்கட்டும்.

செய்துகொண்டவர் இனி என்ன செய்வது?

கடிதம் எழுதிய சகோதரிக்கும், அவரைப் போன்றவர்களுக்கும் வரிசையாகச் சொல்கிறோம்.

1. உளமார வருந்தித் தவ்பாச் செய்யுங்கள். அறியாமல், ஏமாற்றப்பட்டுச் செய்தவரின் நிலை அல்லாஹ்வுக்குத் தெரியும்.

2. நிறம் மங்கும்போது புதுப்பிக்கப் போகாதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தாலும் அது போகட்டும்.

3. நீக்க முடியுமா என்று அழகு நிலையத்தில் கேட்காமல், தோல் நோய் மருத்துவரிடம் கேளுங்கள். லேசர் ஒளியால் நீக்குவார்கள். ஆனால் புருவ வர்ணங்களில் இரும்புத் துருச் சாயமும் டைட்டானியம் வெண்மையும் கலந்திருப்பதுண்டு. அவை லேசர் பட்டுக் கறுத்துப் போவதும் உண்டு. தீங்கின்றி நீக்கலாம் என்று மருத்துவர் சொன்னால் நீக்குங்கள். தீங்கு உண்டு என்றால் விட்டுவிடுங்கள். அந்நிலையில் நீங்கள் மன்னிக்கப்பட்டவர், உங்கள் தொழுகை கூடும்.

4. விடுபட்ட தொழுகைகளைக் களாச் செய்யுங்கள். நான்கு மாதம் என்றால் ஏறக்குறைய நூற்றிருபது நாள்; மாதவிடாய் நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். ஒரு தாளில் எழுதி வைத்து, இயன்ற மட்டும் விரைந்து நிறைவேற்றுங்கள். மலைத்து நின்றுவிடக்கூடாது.

நோயால் புருவம் இழந்தவர்கள்

புற்றுநோய் சிகிச்சையாலும், புழுவெட்டு நோயாலும், தீக்காயத்தாலும் புருவத்தையே இழந்தவர்கள் இருக்கிறார்கள். மார்பகம் எடுக்கப்பட்ட தாய்மார்களுக்கு அறுவைக்குப்பின் இதே முறையில் நிறம் ஏற்றுவதும் உண்டு. இவர்களை, அழகில் மேலும் அழகு தேடுவோரோடு சேர்த்துப் பேசுவது நியாயமாகாது.

அபூதாவூதில் வரும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பில், நோய் ஏதுமின்றி இவற்றைச் செய்வோர் என்ற நிபந்தனை காணப்படுகிறது. அறியாமைக் காலத்துப் போரொன்றில் மூக்கு அறுபட்ட அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியில் மூக்குச் செய்து வைத்திருந்தார்கள். அதில் துர்வாடை ஏற்பட்டபோது, தங்கத்தில் செய்துகொள்ளுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டிருந்தும், இழந்ததை ஈடு செய்ய வழிவிட்டார்கள். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 2007ஆம் ஆண்டு மலேசியாவின் புத்ரஜாயாவில் கூடியபோது, பிறவிக் குறையையும் நோயாலும் விபத்தாலும் வந்த குறையையும் சரிசெய்யும் சிகிச்சை ஆகும் என்றும், வெறும் ஆசைக்காக இயல்பான உருவை மாற்றுவது ஆகாது என்றும் முடிவு செய்தது. ஆனால் புருவத்தில் ஊசியால் நிறம் ஏற்றுவது இந்தச் சிகிச்சையில் சேருமா என்பதில் ஆலிம்களிடையே பேச்சு உண்டு. ஆகவே அத்தகைய சகோதரிகள் மருத்துவரின் குறிப்போடு தம் ஊர் ஆலிமை அணுகித் தம் நிலையைச் சொல்லிப் பத்வாப் பெற வேண்டும். பென்சில் போன்ற கழுவினால் போகும் மையால் தேவை நிறைவேறுமானால், அதுவே பேணுதலான வழி.

உடலும் ஓர் அமானிதம்

சுத்தம் செய்யாத ஊசியால் ஹெப்பாட்டிட்டிஸ் பி, சி போன்ற கொடிய நோய்கள் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றலாம். சிலருக்கு ஒவ்வாமையால் புருவம் தடித்துச் சிவக்கிறது. சிலருக்குத் தழும்பு மேடிடுகிறது. கறுப்பாக ஏற்றிய நிறம் நாளடைவில் செம்மையாகவோ நீலச் சாம்பலாகவோ மாறிவிடுவதும் உண்டு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்கு, குறிப்பிட்ட சில வர்ணங்களால் பாதிக்கப்பட்டதாக 2003, 2004 ஆண்டுகளில் 150க்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. பச்சை குத்தும் மையிலும் இவ்வகை வர்ணங்களிலும் கலக்கும் ஆயிரக்கணக்கான இரசாயனங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் கட்டுப்பாடு விதித்தது. மார்க்கம் தடுத்த ஒன்றில் தீங்கு இருப்பதைக் கண்டுதான் நாம் அதை விடுகிறோம் என்பதில்லை. ஆனால் தீங்கு கண்முன் தெரியும்போது விடுவது இன்னும் எளிதாக வேண்டும்.

ஆகுமான அழகு

இஸ்லாம் பெண்ணின் அலங்காரத்துக்கு எதிரி அல்ல. மருதோன்றி இருக்கிறது. சுர்மா இருக்கிறது, அதில் இஸ்மிதைச் சிறந்ததென நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். கடையில் வாங்கும் சுர்மாவில் ஈயம் கலந்ததும் உண்டு என்பதால் பார்த்து வாங்க வேண்டும். 'கறுப்பு மருதோன்றி' என்று விற்கப்படுவதில் முடிச்சாயத்தின் இரசாயனம் சேர்க்கப்பட்டிருப்பதால் தோல் வெந்துவிடக்கூடும்; அது வேண்டாம். புருவத்துக்கு மை தீட்டிக்கொண்டு, படலமாக நிற்பதாயின் உளூவுக்கு முன் கழுவிவிடலாம். பெண்ணுக்கு மீசை தாடி போல் முளைக்கும் முடியை நீக்குவதில் குற்றமில்லை. இவை யாவும் கணவருக்கும் மஹ்ரமானவர்களுக்கும் முன்னால் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

வீட்டாருக்கு ஒரு சொல்

இந்தப் பெண் தானாகவா ஊசியின் முன் போய் உட்கார்ந்தாள்? "உனக்குப் புருவமே இல்லையே" என்று சிரித்த மச்சியும், "நாலு பேர் வரும் இடத்தில் இப்படியா நிற்பது?" என்று கேட்ட உறவினரும் அவளைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றவர்களாகவே ஆகிறார்கள். மனிதனை அழகிய அமைப்பில் படைத்ததாக அல்லாஹ் அத்தீன் சூராவில் (95:4) அறிவித்திருக்க, அந்த அமைப்பில் குறை சொல்ல நாம் யார்? பெண் பார்க்கப் போகும் உம்மாமார்கள் நாவைப் பேணட்டும். வாப்பாமார்களும் கணவன்மார்களும், அவள் இருக்கிற முகமே தமக்கு நிறைவு என்பதை வாய்விட்டுச் சொல்லட்டும்.

மஜ்லிஸில் பேசிய மாமிக்கும் ஒரு வேண்டுகோள். தடுத்தது சரி, ஆனால் சட்டத்தை முழுதாக அறியாமல், பலர் முன்னிலையில், தொழுகையையே வெட்டிவிடும் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டீர்கள். அவரைத் தனியே அழைத்து, "மகளே, இது கூடாதாம், ஆலிமிடம் கேட்போம், வா" என்று சொல்லியிருந்தால் நான்கு மாதத் தொழுகை தப்பியிருக்கும்.

சகோதரியே! ரமலான் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். அது வருமுன்பே இன்று ஒரு வக்து வந்திருக்கிறது. அதைத் தொழுதுவிட்டீர்கள் என்ற நல்ல செய்தியை எழுதுங்கள். அல்லாஹ் உங்கள் தவ்பாவையும் தொழுகையையும் ஏற்றுக்கொள்வானாக! நம் அனைவரையும் அவன் தந்த உருவைக் கொண்டு திருப்தி அடைபவர்களாக ஆக்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.